வானத்தில் தவறிய வார்த்தைகள்

வளைகுடாவுக்குப் பயணம் புறப்படும் நாளில் நம் வீடுகளில் நடக்கும் அமளியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் எடை கூடிவிட்டதா என்று பார்ப்பார் ஒருவர். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கைப்பையில் இருக்கின்றனவா என்று மூன்றாவது முறையாகக் கேட்பார் உம்மா. வாசலில் துஆ ஓதி அனுப்பிய பிறகும், வண்டி நகரும்போது ஒரு குரல் ஓடிவரும்: "இறங்கியதும் தகவல் சொல்லு!"

இத்தனை கவலைகளுக்கு நடுவே நாம் ஒருபோதும் எண்ணிப் பார்க்காத ஒன்று உண்டு. விமானம் தரையை விட்டு எழுந்த பின்னர், அதனுள் இருக்கும் அனைவரின் உயிரும் விமானிக்கும், தரையில் திரைக்கு முன் அமர்ந்திருக்கும் ஒரு கட்டுப்பாட்டு அலுவலருக்கும் இடையே ஓடும் சில வார்த்தைகளைச் சார்ந்திருக்கிறது. அவர்கள் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பதில்லை. பெரும்பாலும் இருவருக்கும் தாய்மொழி வேறு. பேசிக்கொள்ளும் ஆங்கிலமோ பல வேளைகளில் இருவருக்குமே அந்நிய மொழி. அந்த வார்த்தைகளில் ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்பதை நம் நாடு 1996 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் மாலை கண்டது.

அன்று மாலை 6.32 மணிக்கு டெல்லியிலிருந்து சவூதியா நிறுவனத்தின் போயிங் 747 விமானம் தஹ்ரானை நோக்கிக் கிளம்பியது. விமான எண் 763. பயணிகளும் பணியாளர்களுமாக 312 பேர் அதில் இருந்தனர். பயணிகளில் பெரும்பாலோர் சவூதியில் வேலை பார்க்கும் இந்தியர்கள். விடுமுறை முடிந்து திரும்பியவர்கள், முதன்முறையாகப் பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். அதே நேரத்தில் கஸாக்ஸ்தானின் ஷிம்கென்ட் நகரிலிருந்து இல்யூஷின் 76 ரக விமானம் ஒன்று டெல்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது. அதன் எண் 1907. அதில் 37 பேர். இந்தியாவில் சரக்கு வாங்கிச் செல்ல வந்த வணிகர்கள் பலர் அவர்களில் இருந்தனர்.

டெல்லியைச் சுற்றியுள்ள வான்வெளியின் பெரும்பகுதி அக்காலத்தில் இராணுவத்தின் வசம் இருந்தது. ஆகவே மேற்குத் திசையில் புறப்படும் விமானங்களுக்கும் வந்து இறங்கும் விமானங்களுக்கும் ஒரே பாதைதான். ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளைப் போல அவை வரும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று உயரத்தைக் கொண்டே அவற்றைப் பிரித்துவைப்பார்கள். அன்று அலுவலர் கஸாக் விமானத்தை 15,000 அடிக்கு இறங்கச் சொன்னார். சவூதி விமானத்தை 14,000 அடியில் நிறுத்தினார். இடைவெளி 1,000 அடி, ஏறத்தாழ 300 மீட்டர். இது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறையே. விமானிகளின் வழக்கில் இந்த உயரங்களை 'நூற்றைம்பது', 'நூற்றுநாற்பது' என்று கடைசி இரு சுழிகளை நீக்கிச் சொல்வார்கள்.

கஸாக் விமானம் 150 ஐ அடைந்துவிட்டதாக அறிவித்தது. அந்த உயரத்திலேயே இருக்குமாறு அலுவலர் கூறினார். கூடவே, நேர் எதிரே 14 மைல் தொலைவில் சவூதியா 747 வருகிறது, கண்ணில் பட்டால் சொல்லவும் என்றார். எத்தனை மைல் என்று கஸாக் தரப்பில் மீண்டும் கேட்கப்பட்டது. 14 மைல் என்று சொல்லிவிட்டு, சற்றுப் பொறுத்து, '13 மைல், உயரம் 140' என்றார் அலுவலர். பார்ப்பதாக மறுமொழி வந்தது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே அப்போது எஞ்சியிருந்தது.

சவூதி விமானம் தனக்குச் சொல்லப்பட்ட உயரத்தில் இருந்தது. கஸாக் விமானமோ 15,000 அடியில் நிற்கவில்லை. 14,500 அடிக்கு வந்தது. அதற்கும் கீழே இறங்கிற்று. அரியானாவின் சர்கி தாத்ரி என்னும் சிற்றூருக்கு மேலே, சுமார் 6.40 மணிக்கு இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த வழியே வந்த அமெரிக்க விமானப்படையின் சரக்கு விமானம் ஒன்றின் விமானிகள், மேகத்துக்குள் பெரும் தீப்பிழம்பு ஒன்று தெரிந்ததாகத் தெரிவித்தனர். கட்டுப்பாட்டு அலுவலரின் திரையில் இரு புள்ளிகளும் மறைந்தன. வானில் விமானங்கள் மோதி நிகழ்ந்த விபத்துகளில் இதனினும் பெரிது இன்றளவும் வேறில்லை.

சவூதி விமானத்தின் குரல் பதிவில் கடைசியாகக் கேட்டவை, விமானி ஓதிய இஸ்திக்ஃபாரும் கலிமாவும்.

காதில் விழுந்தது யார், கையில் பிடித்திருந்தது யார்?

நீதிபதி ஆர்.சி. லஹோட்டி தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. கறுப்புப் பெட்டிகள் மாஸ்கோவிலும் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலும் ஆராயப்பட்டன. காற்றின் கொந்தளிப்பு விமானத்தைக் கீழே இழுத்துவிட்டது என்று கஸாக் தரப்பு வாதிட்டது. ஆணையமோ, ஒதுக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே கஸாக் விமானம் இறங்கியதே காரணம் என்று முடிவு கூறியது. விமானிகளுக்குப் போதிய ஆங்கில அறிவு இல்லாததால் கட்டுப்பாட்டு நிலையம் சொன்னதைத் தவறாகப் பொருள்கொண்டனர் என்றும் சுட்டிக்காட்டியது.

'ஆங்கிலம் தெரியாததால் வந்த வினை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எளிது. செய்தித்தாள்கள் அப்படித்தான் முடித்தன. ஆனால் அந்த விமானத்தின் அறைக்குள் சற்று நுழைந்து பார்த்தால், வேறொன்றும் புலப்படுகிறது.

சோவியத் காலத்து ஏற்பாட்டின்படி, இல்யூஷின் விமானத்தில் தரையோடு பேசுவது விமானியின் வேலை அன்று. அதற்கென ஒரு வானொலி இயக்குநர் தனியே இருந்தார். ஆங்கிலத்தில் கேட்பதும் பதில் சொல்வதும் அவர் பொறுப்பு. விமானத்தை ஓட்டுகிறவர்கள் வேறு. உயரம் காட்டும் கருவி அவர்கள் முன்னால் இருந்தது. வானொலி இயக்குநருக்குத் தனியே கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத்தான் எத்தனை அடி என்று அவர் அறிய வேண்டும். போதாக்குறைக்கு, அவர்கள் பழகிய நாட்டில் உயரத்தை மீட்டரில் அளப்பது வழக்கம், இங்கே அடிக்கணக்கு.

கட்டளையைக் கேட்ட காது ஒன்று, விமானத்தைப் பிடித்த கை மற்றொன்று. கட்டுப்பாட்டு அலுவலருக்கு வந்த பதில்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே இருந்தன. 150 என்றார்; 150 என்றே மறுமொழி வந்தது. அச்சொல் அந்த அறைக்குள் ஓட்டுகிறவரின் கைவரை சேர்ந்ததா என்பதைத் தரையில் இருப்பவர் எப்படி அறிவார்? அன்று டெல்லியில் இயங்கிய ரேடார் விமானத்தைப் புள்ளியாகக் காட்டுமே அன்றி, உயரத்தைக் காட்டாது. விமானி சொல்வதுதான் உயரம். ஆணையம் கட்டுப்பாட்டு அலுவலர் மீது பழி சுமத்தவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைசி நொடிகளில் அந்த வானொலி இயக்குநரே எட்டிப் பார்த்து, தாங்கள் 150 இல் இல்லை என்பதைக் கண்டுகொண்டார், மேலேறச் சொன்னார். விமானம் சற்று மேலெழும்பியது. அதன் வால் பகுதி சவூதி விமானத்தின் இடது இறக்கையை வெட்டியது. அந்த நொடியில் ஏறாமல் இருந்திருந்தால், கஸாக் விமானம் அடியில் புகுந்து போயிருக்கவும் கூடும் என்று கருதப்படுகிறது. இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. தவற்றை உணர்ந்து திருத்த முனைந்ததே முடிவாகிவிட்டது.

ஒரே கம்பியில் இருவர் பேசினால்

ட்ரங்க் கால் போட்டுப் பேசிய காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஜித்தாவிலிருந்து வாப்பா பேசுவார். இங்கிருந்து நாமும் பேசுவோம். இரண்டு குரலும் இடித்துக்கொண்டு ஒன்றும் விளங்காது. "கேட்குதா? கேட்குதா?" என்பதிலேயே காசு கரைந்துவிடும். விமான வானொலியின் நிலையும் அதற்கு அருகில்தான். ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து பொத்தானை அழுத்தினால் கீச்சென்ற ஓசைதான் மிஞ்சும்.

விமான வரலாற்றின் மிகப் பெரிய விபத்தில் அந்தக் கீச்சொலிக்கும் பங்குண்டு. ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரீஃப் தீவில், 1977 மார்ச் 27 ஆம் நாள் அது நிகழ்ந்தது. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் விமானங்கள் பல அங்கே திருப்பிவிடப்பட்டிருந்தன. சிறிய நிலையம், ஓடுபாதை முழுதும் மூடுபனி. டச்சு நாட்டின் கே.எல்.எம். 747 ஓடுபாதையின் முனையில் புறப்படத் தயாராக நின்றது. அமெரிக்காவின் பான் அம் 747 அதே ஓடுபாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டையும் கோபுரத்தில் இருந்தவர்களால் பார்க்க இயலவில்லை. ஒன்றை மற்றொன்றும் பார்க்கவில்லை.

மேலெழுந்த பின் செல்ல வேண்டிய வழியை அலுவலர் கே.எல்.எம். விமானத்துக்குச் சொன்னார். அது வழிக்கான அனுமதிதான்; புறப்பட அனுமதி அன்று. ஆனால் அந்த வாசகத்துக்குள் 'டேக்-ஆஃப்' என்ற சொல் இருந்தது. அதைத் திருப்பிச் சொன்ன துணை விமானி, "நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்ற பொருளில் முடித்தார். நிற்கிறார்களா, ஓடத் தொடங்கிவிட்டார்களா? இரண்டுக்கும் இடம் தரும் வாக்கியம் அது. அலுவலர் "ஓகே" என்றார். ஒரு கணம் நிறுத்தி, "புறப்படக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்றார். அதே கணத்தில் பான் அம் விமானி பதறிப்போய், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்றார். இருவரும் சேர்ந்து பேசியதால், கே.எல்.எம். விமானிகளின் காதில் "ஓகே" மட்டும் தெளிவாக விழுந்தது. மற்றது கீச்சொலியில் கரைந்தது.

அதன் பின்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. கே.எல்.எம். விமானப் பொறியாளர், "அந்தப் பான் அமெரிக்கன் இன்னும் வெளியேறவில்லையா?" என்று கேட்டார். நிறுவனத்தின் தலைமைப் பயிற்றுநர்களுள் ஒருவரான கேப்டன், "வெளியேறிவிட்டதே" என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டார். பொறியாளர் மேற்கொண்டு பேசவில்லை. 583 உயிர்கள் பலியாயின.

அந்த விபத்துக்குப் பின்னர் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லுக்கே வேலி போட்டார்கள். புறப்பட அனுமதி தரும்போதும், தந்ததைத் திரும்பப் பெறும்போதும் மட்டுமே அதைச் சொல்லலாம். மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும். பெரியவர் சொல்லிவிட்டாரே என்று சிறியவர் வாய்மூடும் பழக்கத்தை உடைக்க, விமானிகளுக்குத் தனிப் பயிற்சிகளும் வந்தன. கேப்டன் தவறினால் துணை விமானி தயங்காமல் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம்.

எண்களைச் சொல்வதிலும் விமானிகளுக்கெனத் தனி உச்சரிப்பு உண்டு. 'த்ரீ' என்பதை 'ட்ரீ' என்பர். 'ஃபைவ்' என்பது 'ஃபைஃப்'. 'நைன்' என்பது 'நைனர்'. இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றாகக் கேட்டுவிடக் கூடாதல்லவா? இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் ஓரெழுத்து ஆளை விழுங்கும். 1989 பிப்ரவரி 19 ஆம் நாள், கோலாலம்பூரின் சுபாங் நிலையத்தில் இறங்கவந்த ஒரு சரக்கு 747 விமானத்துக்கு, 2,400 அடிக்கு இறங்குமாறு சொல்லப்பட்டது. 'டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்றார் அலுவலர். முதலில் வந்த 'டூ' என்பதை எண்ணாகக் கொள்ளாமல், '400 அடிக்கு' என்று விமானி விளங்கிக்கொண்டார். "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று திருப்பியும் சொன்னார். அந்தப் பிழை எதிர்முனையில் பிடிபடவில்லை. விமானம் குன்றில் மோதியது. அதிலிருந்த நால்வரும் இறந்தனர்.

சொல்லத் தயங்கிய சொல்

தவறாகக் கேட்பது ஒரு வகை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது இன்னொரு வகை. நம்மைப் போன்ற மரியாதைக்கார மக்களுக்கு இரண்டாவது வகைதான் அதிகம் உறைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1990 ஜனவரி 25 ஆம் நாள் இரவு, கொலம்பியா நாட்டின் அவியாங்கா 52 எண் விமானம் நியூயார்க்கை நெருங்கியது. வானிலை மோசம், நெரிசல் கடுமை. மூன்று இடங்களில் மொத்தம் 77 நிமிடம் அதை வானத்தில் வட்டமடிக்க வைத்தார்கள். எரிபொருள் வற்றிக்கொண்டே வந்தது. கேப்டனுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பழக்கமில்லை. வானொலியில் பேசியவர் துணை விமானி. 'எங்களுக்கு முன்னுரிமை தேவைப்படும் என்று நினைக்கிறோம்' என்ற அளவில் அவர் சொன்னார். 'எமர்ஜென்சி' என்ற ஒரு சொல்லை மட்டும் இறுதிவரை சொல்லவே இல்லை. அச்சொல்லைச் சொல்லியிருந்தால் கட்டுப்பாட்டு நிலையம் ஏனைய விமானங்களை ஒதுக்கிவிட்டு அதற்கு வழிவிட்டிருக்கும். 'முன்னுரிமை' என்ற சொல்லுக்கு அந்த வலிமை கிடையாது.

முதல் முயற்சியில் இறங்க இயலாமல் விமானம் மேலேறியது. "நாம் அபாயத்தில் இருக்கிறோம் என்று சொல்" என்றார் கேப்டன், தம் மொழியில். துணை விமானி தரைக்குச் சொன்னதோ, மீண்டும் முயல்வதாகவும் எரிபொருள் தீர்ந்து வருவதாகவும்தான். அலுவலர், உங்களைச் சற்றுத் தொலைவு கொண்டுபோய்த் திருப்பி வருகிறேன், உங்கள் எரிபொருளுக்கு இது சரிப்படுமா என்று கேட்டார். வந்த பதில்: "அப்படித்தான் நினைக்கிறேன், மிக்க நன்றி."

நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. லாங் ஐலண்டில் ஒரு குன்றுச் சரிவில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டனர். எரிய எண்ணெய் இல்லாததால் தீப்பற்றவில்லை. மற்றவர்கள் உயிர்தப்ப அதுவும் ஒரு காரணம்.

தாத்ரிக்குப் பின்னர் நம் நாட்டில் சில மாற்றங்கள் வந்தன. டெல்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வான்பாதைகள் வகுக்கப்பட்டன. உயரத்தையும் காட்டும் ரேடார் பயன்பாட்டுக்கு வந்தது. எதிரே விமானம் நெருங்கினால் தானே எச்சரித்து, 'ஏறு' அல்லது 'இறங்கு' என்று விமானிக்குச் சொல்லும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. கருவி வந்ததும் கவலை தீர்ந்துவிட்டதா என்றால், 2002 ஜூலை முதல் நாள் ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே நடந்ததைக் கேளுங்கள். ரஷ்ய விமானம் ஒன்றும் சரக்கு விமானம் ஒன்றும் நேர்ப்பட்டன. இரண்டிலும் அந்தக் கருவி இருந்தது. ரஷ்ய விமானத்துக்குக் கருவி 'ஏறு' என்றது. தரையில் தனியாளாகத் தவித்துக்கொண்டிருந்த அலுவலர் 'இறங்கு' என்றார். விமானிகள் மனிதக் குரலுக்குக் கீழ்ப்படிந்தனர். சரக்கு விமானத்தைக் கருவியும் இறங்கத்தான் சொல்லியிருந்தது. 71 பேர் இறந்தனர்; பெரும்பாலோர் விடுமுறைக்குச் சென்ற பள்ளிக் குழந்தைகள். இரண்டும் முரண்பட்டால் கருவி சொல்வதையே கேட்க வேண்டும் என்பது அதன் பிறகுதான் ஐயமற்ற விதியாயிற்று.

மொழிக்கும் தேர்வு வந்தது. சர்வதேச விமானிகளும் கட்டுப்பாட்டு அலுவலர்களும் ஆறு படிகள் கொண்ட ஆங்கிலத் தேர்வில் நான்காம் படியையேனும் எட்ட வேண்டும் என்னும் விதி 2008 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்துத் தேர்வு அல்ல இது; கேட்டுப் புரிந்துகொள்ளவும், புரியாதபோது தெளிவாகத் திருப்பிக் கேட்கவும் தெரிகிறதா என்பதைச் சோதிப்பது.

கட்டளை வந்தால் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விமானிகளின் முதல் பாடம். நம் ஊர்க் கடைகளில் கணக்கு எழுதும்போது, சொன்ன தொகையை ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்வார்களே, அதைப் போல. பிசகியிருந்தால் சொன்னவரே திருத்திவிடலாம். ஆனால் திருப்பிச் சொன்னதாலேயே விளங்கிக்கொண்டார் என்று ஆகிவிடாது. ஜப்பானின் ஹனேடா நிலையத்தில் 2024 ஜனவரி 2 ஆம் நாள் நிகழ்ந்ததே இதற்குச் சாட்சி. நிலநடுக்கப் பகுதிக்கு நிவாரணப் பொருள்களுடன் கிளம்பவிருந்த கடலோரக் காவல்படை விமானத்துக்கு, 'நீங்கள் முதலாவது, ஓடுபாதைக்கு முன்னுள்ள நிறுத்தம்வரை செல்லுங்கள்' என்று சொல்லப்பட்டது. விமானியும் பிழையின்றித் திருப்பிச் சொன்னார், நன்றியும் கூறினார். வரிசையில் முதலாவது என்பதுதான் அதன் பொருள். அவரோ ஓடுபாதைக்குள் செல்ல அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி உள்ளே போய் நின்றார். இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதி எரிந்தது. அதில் இருந்த 379 பேரும் வெளியேறிப் பிழைத்தனர். காவல்படை விமானத்தின் ஆறு பேரில் ஐவர் இறந்தனர். விபத்துக்குப் பிறகு, 'முதலாவது' என்று வரிசை எண் சொல்லும் வழக்கத்தையே ஜப்பான் சில காலம் நிறுத்திவைத்தது.

தாத்ரியில் மோதலுக்குச் சற்று முன்னர், சவூதி விமானமும் தரையோடு பேசியது. தான் 140 ஐ நெருங்குவதாகவும் மேலும் உயர அனுமதி வேண்டும் என்றும் கேட்டது. 140 இலேயே இருங்கள், காத்திருங்கள் என்றார் அலுவலர். "சவூதி 763, 140 இலேயே இருப்போம்" என்று பதில் வந்தது. சொன்ன உயரத்திலேயே அந்த விமானம் இருந்தது.